கோபத்தோடு வெட்டிய கொடி

என் அளவில்லாத அன்புக்குரிய அத்தானுக்கு,

நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்தவருக்கு "அளவில்லாத" என்று எழுதுவது கொஞ்சம் குசும்புதான். பரவாயில்லை, நீங்கள் கோபிக்க மாட்டீர்கள். உங்களுக்குக் கோபம் வராது, மற்றவர்களுக்கு வரவைக்கத்தான் தெரியும். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

ஆண்டுத் திவசத்துக்குக் கோயில் மலரில் போட ஒரு நினைவுக் கடிதம் வேண்டுமாம். அக்கா பேனையை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீ எழுது. உனக்குத்தான் வாய் காதுவரை இருக்கு" என்றாள். ஆகவே இது ஒட்டாத உறையில் போகும் கடிதம், அத்தான். ஊரே எட்டிப் பார்க்கும். பார்க்கட்டும். உங்களைத் தெரியாதவர்களுக்காக நடுநடுவே கொஞ்சம் விளக்கம் சொல்வேன். நீங்கள் கொட்டாவி விடக் கூடாது.

தெரியாதவர்களே, கேளுங்கள். இவர் என் அக்கா ரெஜினாவைக் கட்டியவர். கோண்டாவிலில் பிறந்தவர். கலியாணம் முடிந்து முதன்முதலாகக் கண்டிக்கு வந்த அன்று இவர் கையில் சூட்கேஸ் இல்லை. ஈரச் சாக்கில் சுற்றிய முந்திரிகைத் தடிகள் இருந்தன. கண்டிக் கடைகளில் திராட்சை என்று விற்பார்களே, அந்தப் பழக் கொடிதான். "யாழ்ப்பாண பஸ்சில எனக்கு ஒரு சீற், தடிக்கு ஒரு சீற்" என்று அக்கா இப்போதும் சொல்வாள். இல்லை, சொல்வாள் என்று எழுதியது பிழை. சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஏழு மாதம் சொல்லவேயில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் ஆறாம் வகுப்பில் படிக்க வந்து உங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டேன். மச்சாள் என்று நீங்கள் கூப்பிட்டது ஒரு கிழமை, ஏழே நாள்தான். சட்டியின் அடியில் இருந்த றால் பொரியலை நான் வழித்துத் தின்றதைப் பார்த்த பிறகு என் பெயர் "மிச்சாள்" ஆயிற்று. எதையும் மிச்சம் வைக்காதவளுக்கு அப்படியொரு பெயர்.

அத்தான், கண்டிக்குப் பக்கத்துத் திகண வீட்டின் முந்திரிகைப் பந்தல் இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? இதை எழுதும்போது அதன் கீழேதான் இருக்கிறேன், உங்கள் பிளாஸ்டிக் கதிரையில். ஹுன்னஸ்கிரிய மலையில் முகில் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒக்டோபர் மழை இன்றைக்கோ நாளைக்கோ என்று யோசிக்கிறது. இலைகளுக்குள்ளால் வரும் வெளிச்சம் பச்சைத் தண்ணீர் மாதிரி. கண்ணைப் பாதி மூடினால் வீடு ஒரு குளத்தின் அடியில் இருப்பதுபோல, நான் மெதுவாக மிதப்பதுபோல. மேலே யாரோ நடந்து போவதுபோலவும் இருக்கும். நீங்களா?

உங்களுக்கும் வானிலைக்கும் இருந்த உறவை ஊரார் அறிய வேண்டும். முதல் மூன்று வருடம் இவர் இருந்தது கண்டியில், வாழ்ந்தது கோண்டாவிலின் வானத்துக்குக் கீழே. ஒவ்வொரு பின்னேரமும் அங்கே இருக்கிற அண்ணனுக்குப் போன் போடுவார்.

"அண்ணை, அங்கை என்ன மாதிரி?"

"மழை இருட்டிக்கொண்டு வருது."

உடனே இங்கே திரும்பி, "ரெஜி, மழை வருது, உடுப்பை எடும்!" அக்காவும் எடுப்பாள். வெளியே திகண வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, எங்கள் உடுப்பு வீட்டுக்குள்ளே ஈரத்தோடு தொங்கும். புத்தியுள்ள இரண்டு பேர், ஒருவர் அளவையாளர், ஒருவர் கணக்கு ரீச்சர். முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால் பெய்யும் மழைக்குக் கொடியில் இருந்த உடுப்பை எடுத்த குடும்பம் இலங்கையில் வேறு இருக்குமா?

உடுப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. கொடியையும் அப்படித்தான் வெட்டினீர்கள். கோண்டாவிலில் தை மாதம் வெட்டுவார்கள், மாரி மழை முடிந்து வறட்சி தொடங்குகிற காலம். நீங்களும் தையில் வெட்டினீர்கள். தளிர் வந்தது, பூ வந்தது, காய் வந்தது. நீங்கள் மீசையைத் தடவினீர்கள். காய் கறுக்கத் தொடங்கியபோது சித்திரை வந்தது. சித்திரையில் கண்டி என்ன செய்யும்? பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்தது மாதிரி, தினமும் பின்னேரம் இடியோடு வந்து கொட்டும். தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பழமெல்லாம் தோல் வெடித்தது. குளவியும் எறும்பும் விருந்துக்கு வந்தன. நீங்கள் ஒரு குலைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். குலைக்கு மட்டும், உங்களுக்கு இல்லை.

வெடித்த பழத்தைப் பிசைந்து நீங்கள் போட்ட அந்த வருட வைன் போத்தலில் பிளாஸ்ரர் ஒட்டி, பேனையால் "வெடிச்ச வருசம்" என்று எழுதினீர்கள். அது வைன் இல்லை, வினாகிரி. அக்கா அதை அச்சாறுக்கு ஊற்றினாள். அச்சாறு அருமை என்று கேள்வி.

அப்படித்தான் போத்தலுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் தொடங்கியது. யேசு பிறந்த நத்தார் காலையில் பூசை முடிந்து வந்து, போத்தலைத் திறந்து, ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி, அந்த வருட வானத்தை நினைத்துப் பெயர் வைப்பீர்கள். "வௌவால் வருசம்" அரைப் போத்தல்தான், மீதி வௌவாலின் வயிற்றில். பூக்கிற நேரம் தூறல் நிற்காத வருடத்துக்குக் "கண் திறக்காத வருசம்". அலுமாரியின் மேல்தட்டில் அவை வரிசையாக நிற்கின்றன, கறுப்பு, சிவப்பு, ஒன்று தேயிலைச் சாய நிறம். வெயில் படும்போது ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒரு பழைய வருடம் தூங்குவதுபோல இருக்கும்.

நாலாம் வருடம்தான் நீங்கள் போனை வைத்துவிட்டு மலையைப் பார்த்தீர்கள். மே மாத வெசாக் மழை ஓய்ந்த பிறகு ஹுன்னஸ்கிரிய மலை ஒருநாள் தன் முகில் தொப்பியைக் கழற்றும். கண்டிப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வருகிற காற்று எங்கள் பக்கம் உலர்ந்து இறங்கும். அதைக் கன்னத்தில் வாங்கிவிட்டு நீங்கள் துள்ளினீர்கள். "ரெஜி! இது சோழகமடி! எங்கட சோழகம்!" ஊரில் பட்டம் ஏற்றுகிற அதே காற்று. அன்று பின்னேரம் அண்ணனுக்கு அடித்த போன் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணை, காத்து ஒண்டு அனுப்பியிருக்கிறன். வந்தால் பிடிச்சு வையுங்கோ."

அதற்குப் பிறகு சோழகம் தொடங்கும் கிழமைதான் எங்கள் வீட்டில் கொடி வெட்டு. அப்போது வெட்டினால் கண்டியில் பெரஹர ஊர்வல மேளம் கேட்கிற நாட்களில் காய் பச்சையாகக் கிடக்கும், ஒக்டோபர் மழைக்கு முன் பழுத்துவிடும். காற்றில் ஈரம் இல்லாததால் தோல் தடிக்கும், இனிப்பு உள்ளே ஒடுங்கும்.

ஆனால் வெட்டுவது லேசான வேலையா? முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். பிறகு பச்சைப் பசேலென்று நிற்கிற இலை ஒவ்வொன்றையும் கையால் பிடுங்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கொப்பிலும் தளிர் விடுகிற கண் இரண்டை மட்டும் விட்டு மீதியை வெட்ட வேண்டும். பார்த்தால் கொலை மாதிரி இருக்கும். வெட்டாவிட்டால் கொடி இலையாகவே வளர்ந்துகொண்டு போகும். பழம் வராது.

இங்கேதான், வாசகர்களே, இவருடைய விசேஷம். இவர் ஒரு கொப்பிலும் கத்தரி வைக்க மாட்டார். அக்காதான் வெட்ட வேண்டும். அதுவும் கோபத்தோடு வெட்ட வேண்டும். "பாசத்தோட வெட்டுறவைக்கு மனம் வராது. பாவம் எண்டு நாலு கண், அஞ்சு கண் விட்டிடுவினம். கோவத்தில வெட்டினால்தான் கணக்குச் சரி." ஆகவே ஒவ்வொரு வருடமும் வெட்டு நாளன்று காலையில் இவர் வேண்டுமென்றே அக்காவோடு ஒரு சண்டை தொடக்குவார். ஒருமுறை அக்கா வைத்த சொதி வெறும் தண்ணி, அதற்குள் நின்று கால் கழுவலாம் என்றார். ஒருமுறை அவளுடைய தையல் மெஷினைக் கோயில் விற்பனைக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். அக்காவின் மூக்கு சிவந்து நுனி நடுங்கியவுடன் கத்தரியை அவள் கையில் வைத்துவிட்டு ஏணியின் மறுபக்கம் ஒளிந்துகொள்வார். பந்தல் முழுவதும் சடக் சடக் சடக். ஒரு கண் கூடாது, ஒரு கண் குறையாது.

ஒவ்வொரு வருடமும் அக்கா ஏமாந்தாளா, இல்லை ஏமாந்ததுபோல நடித்தாளா? இதை உங்களிடம் கேட்க நினைத்து மறந்துவிட்டேன்.

நம் இரண்டு பேரின் கணக்கும் இருக்கிறது. குலையெல்லாம் குண்டூசித் தலை அளவில் பச்சையாகத் தொங்கிய ஒரு காலை, கண்டி மாக்கெட்டில் வாங்கிய கறுத்தப் பழக் குலைகளை நூலால் கட்டித் தொங்கவிட்டேன். நீங்கள் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தீர்கள். பிரஷ் வாயில் நின்றுவிட்டது. "ரெஜி! ஒரு ராவில பழுத்திட்டுது!" படம் எடுத்தீர்கள். அண்ணனுக்கு அனுப்பினீர்கள். கோண்டாவில் முழுக்கத் தெரிந்துவிட்டது. பிறகு ஒரு பழத்தைக் கடித்து, பல்லிடுக்கில் மாட்டிய நூலை இழுத்து இழுத்து, அந்த நூலின் மறுமுனையில் சிரித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தீர்கள்.

பழிவாங்காமல் விட்டீர்களா? அந்த நத்தாருக்கு எனக்கென்று ஒரு தேக்கரண்டி வைன் ஊற்றித் தந்தீர்கள். நான் தலை சுற்றுகிறது, கதிரை ஓடுகிறது என்று மத்தியானம்வரை ஆடினேன். அது பீட்ரூட் அவித்த தண்ணீர்.

போன வருட வெட்டு நாளில் நீங்கள் போட்ட பொய்தான் பெரியது. "ரெஜி, எனக்கு வவுனியாவுக்கு மாற்றம். நானே கேட்டு வாங்கினனான்." அக்கா உங்கள் கையிலிருந்து கத்தரியைப் பறித்துக்கொண்டு ஏறினாள். ஒரு கொப்பு வெட்டும்போது, "என்னை விட்டிட்டுப் போவாராம்" என்றாள். அடுத்ததற்கும் அதையே சொன்னாள். நீங்கள் கீழே நின்று சிரிப்பை அடக்கி அடக்கி முகம் முந்திரிகை நிறமாயிற்று. அந்த வருடம் வந்த பழம் மாதிரி அதற்கு முன் வந்ததில்லை.

அந்தப் பழத்து வைனுக்குப் பெயர் வைக்க நீங்கள் இருக்கவில்லை. கார்த்திகை மழையில் ஒரு காய்ச்சல். ஒரு கிழமைதான். நத்தார் வந்தது. போத்தலை யாரும் திறக்கவில்லை. பெயரில்லாமல் அலுமாரியில் ஏறிவிட்டது.

இனி உங்களுக்குத் தெரியாத செய்திகள்.

அக்கா அழவில்லை, அத்தான். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். பள்ளிக்கூடம் போனாள், கொப்பி திருத்தினாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தாள். "ரெஜினா நல்லாத் தாங்கிக்கொண்டாள்" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத்தான் பயமாக இருந்தது. நான் சீனிப் போத்தலில் உப்பைக் கொட்டி வைத்தேன். அக்கா அந்தத் தேத்தண்ணியை முழுக்கக் குடித்தாள். கோப்பையைக் கழுவி வைத்தாள். அவளுடைய கண்ணாடியை ஒளித்தேன். கண்ணாடி இல்லாமலே ஒருநாள் முழுக்க நடந்தாள், புகைக்குள் நடப்பதுபோல. எரிந்து விழுகிற என் அக்காவை யாரோ எடுத்துக்கொண்டு, அவளைப்போலவே ஒரு மெல்லிய ஆளை வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

கொடியும் அப்படித்தான். யாரும் தொடாமல் அது தன்பாட்டில் படர்ந்தது. பந்தலை மூடி, கூரைக்கு ஏறி, மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டு ஃபரீதா தாத்தாவின் உடுப்புக் கொடிவரை போயிற்று. (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. தாடி எதிர்பார்க்க வேண்டாம்.) ஒருநாள் மதிலுக்கு மேலால் அவர் தலை தெரிந்தது.

"புள்ள, டீச்சர்ட கொடி எங்கட ஊட்டுக்குள்ள வந்தீக்கிது. இன்னும் ரெண்டு நாள் போனா டீ கேக்கும் போல. வெட்ட இல்லையா இந்த வருஷம்?"

"அக்கா கொடிப் பக்கமே போறா இல்லை, தாத்தா."

"அல்லாவே. எனக்குப் பழம் இல்லையா அப்ப?"

அவருடைய பங்கு உங்களுக்கு நினைவிருக்கும். பழம் சாடிக்குள் இறங்குமுன் ஒரு தட்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். "பழமா ஈக்கக்குள்ள தந்துருங்க. பொறகு அது உங்கட சாமான்" என்பார்.

மே முடிகிற நேரம் மலை தொப்பியைக் கழற்றியது. சோழகம் வந்தது. அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் போய் மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, காத்துத் தொடங்கீட்டுது. வெட்டுவமோ?"

"வேண்டாம், விடு. அவர் வளர்த்தது. நான் கத்தி வைக்க மாட்டன்."

"பழம் வராதே."

"வராட்டிப் பரவாயில்லை."

மூக்கு சிவக்கவில்லை. குரல் பஞ்சு மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெட்டாத கொடி இலையாகவே போவதுபோல, என் அக்காவும் இப்படியே "பரவாயில்லை" ஆகவே போய்விடப் போகிறாள். இந்தக் காற்றைத் தவறவிட்டால் அடுத்த காற்று அடுத்த வருடம்தான். அதற்குள் அவளில் எதை மீட்பது?

கோபம் வரவைக்க வேண்டும். அது உங்கள் வேலை. நீங்கள் இல்லை. உங்கள் மிச்சாள்தான் மிச்சம்.

சொதியைப் பழித்தேன், "ஓம், தண்ணிதான்" என்றாள். பரீட்சையில் கணக்குக்குச் சைபர் என்று பொய் சொன்னேன். என் தலையைத் தடவிவிட்டாள். உங்கள் ஆயுதங்கள் என் கையில் வேலை செய்யவில்லை. என்னிடம் எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. கண்டிக்குப் பஸ் ஏறினேன். மாக்கெட்டில் நல்ல கறுப்பாக, கொஞ்சம் சாம்பல் பூத்ததாகப் பார்த்து வாங்கினேன். அக்காவின் தையல் பெட்டியில் பச்சை நூல் எடுத்தேன்.

அன்று காலை மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து வெள்ளைப் புகார் பனிபோல வந்து பந்தலுக்குள் தங்கியிருந்தது. நான் குசினி யன்னலில் நின்றேன். அக்கா விளக்குமாறோடு வெளியே வந்தாள். நிமிர்ந்தாள்.

வெட்டாத கொடியில், காய்க்கக் கூடாத மாதத்தில், புகாருக்குள்ளே கறுத்தக் குலைகள்.

அத்தான், அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பகிடி என்று அவளுக்குத் தோன்றவில்லை. விளக்குமாறு கையிலிருந்து நழுவியதை அவள் அறியவில்லை. கனவில் நடப்பதுபோலப் போனாள். மிகவும் மெதுவாக, "வந்திட்டீங்களே?" என்றாள். குலையிடம்தான் சொன்னாள். இல்லை, குலையிடம் சொல்லவில்லை. எனக்கு யன்னல் கம்பியை விட முடியவில்லை. ஓடிப்போய் அக்கா தொடாதே என்று கத்த நினைத்தேன். தொட்டுவிட்டாள். குலை நூலோடு கையில் வந்தது.

பச்சை நூல். அவளுடைய நூல்.

அவள் மூக்கு சிவந்தது. நுனி நடுங்கியது.

"டிலா!"

மதிலில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது.

"எருமை! சனியன்! உனக்கு எல்லாம் பகிடி என்ன? நீயும் அந்த மனுசனும் ஒரே சாதி! எல்லாத்துக்கும் பகிடி, எல்லாத்துக்கும் பொய்! வவுனியா எண்டார். வவுனியாவுக்கோ போனவர்? சொல்லு, வவுனியாவுக்கோ போனவர்? ஆஸ்பத்திரிக்கு வாங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டனான்! 'மழை விடட்டும் ரெஜி, விட்டாப் பிறகு போவம்' எண்டார். கொடிக்கு மழை பாக்கத் தெரிஞ்ச மனுசன், குலைக்குக் குடை பிடிச்ச மனுசன், தனக்கெண்டா மட்டும் மழை விடட்டுமாம்! விட்டுதோ? விட்டுதோ மழை?"

நீங்கள் செய்வதைத்தான் நான் செய்தேன். கத்தரியை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு ஏணியின் மறுபக்கம் போனேன்.

சடக்.

அக்கா ஏறினாள். திட்டிக்கொண்டே வெட்டினாள். ஒவ்வொரு கொப்புக்கும் ஒரு திட்டு. இலை பிடுங்கக்கூடப் பொறுமை இல்லை, இலையோடு சேர்த்தே விழுந்தது. கல்யாண வீட்டில் நீங்கள் வேட்டி அவிழ்ந்து நின்றதுவரை எல்லாக் கணக்கும் வந்தது. சத்தம் கேட்டு ஃபரீதா தாத்தா ஓடி வந்தார். ஒரு பார்வை பார்த்தார். முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஏணியின் அடியைப் பிடித்தார்.

"ஏசுங்க டீச்சர், ஏசுங்க. நல்லா ஏசுங்க. நான் புடிச்சிக்கிட்டு ஈக்கிறேன். எலைய மட்டும் எங்கட ஆட்டுக்குப் போடுங்க."

மத்தியானம் ஆகும்போது பந்தலில் வானம் தெரிந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு குசினிக்குள் வெயில் விழுந்தது. எண்ணிப் பார்த்தேன், அத்தான். ஒவ்வொரு கொப்பிலும் இரண்டு கண். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

வெட்டிய வாயில் எல்லாம் தண்ணீர் கட்டியது. உங்களுக்குத் தெரியும், சோழகத்தில் வெட்டிய கொடி ஒருநாள் முழுக்க அழும். நிறமில்லாத தண்ணீர், சொட்டுச் சொட்டாக. அக்கா இந்தக் கதிரையில்தான் வந்து இருந்தாள். தலையிலும் தோளிலும் சொட்டியது. அவள் அசையவில்லை. அவள் கன்னத்தில் ஓடியதில் எது கொடியின் தண்ணீர் என்று நான் ஆராயவில்லை. விஞ்ஞானம் படிக்கிறவள்தான், ஆனாலும் சில ஆராய்ச்சிகளுக்கு நான் பொருத்தமில்லை.

பின்னேரம் எழும்பி, முகம் கழுவி, என் காதைப் பிடித்துத் திருகினாள். நன்றாக நோகிற திருகு. அப்படிச் சந்தோசமாக எனக்கு எப்போதும் நொந்ததில்லை.

"கடைப் பழத்தை என்ன செய்தனீ?"

"திண்டிட்டன்."

"எனக்கு?"

"மிச்சம் வைக்கேல்லை."

அக்கா சிரித்தாள். பிறகு அந்த யாழ்ப்பாண பஸ் கதையைச் சொன்னாள். எனக்கு ஒரு சீற், தடிக்கு ஒரு சீற்.

இந்த வருட வானம் எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஜூனில் காற்று நன்றாகத்தான் வந்தது. கண் ஒவ்வொன்றும் இளஞ்சிவப்பாக விழித்தது. பூக்கிற கிழமை பார்த்து, உங்கள் காற்று எங்கோ பராக்குப் பார்க்க, கண்டிப் பக்கத்துத் தூறல் மலையைத் தாண்டி எங்களிடம் வந்துவிட்டது. அக்காவும் நானும் காலையில் எழும்பி ஒவ்வொரு பூங்கொத்தையும் விரலால் தட்டித் தட்டித் தண்ணீரை உதறினோம், தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் வியர்வை துடைப்பதுபோல. பாதிப் பூ கொட்டியது. மீதி பிடித்தது. பிறகு சோழகம் வெட்கப்பட்டுத் திரும்பி வந்து, ஓகஸ்ட் முழுக்க இடைவிடாமல் வீசியது. நிலம் வெடித்தது. வாசலில் காயப்போட்ட என் பள்ளிக்கூடச் சட்டை ஃபரீதா தாத்தாவின் பலாமரத்தில் ஏறியது. வௌவாலுக்குப் பழைய யன்னல் சீலை கட்டினோம்.

அதனால் பழம் குறைவு, சிறிசு. ஆனால் தோல் தடிப்பு, நாக்கில் வைத்தால் முதலில் ஒரு கடுகடுப்பு, பிறகு எங்கோ தூரத்திலிருந்து ஒரு இனிப்பு மெதுவாக நடந்து வரும். அக்கா மாதிரி.

செப்டெம்பரில் அரிந்தோம். முதல் தட்டு மதிலுக்கு மேலால் போயிற்று. தாத்தா ஒன்றை வாயில் போட்டுக் கண்ணைச் சுருக்கினார். "டீச்சர்ட கோவம் அப்பிடியே ஈக்கிது" என்றார். மீதியைக் கையால் பிசைந்து சாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, உங்கள் அறை மூலையில் வைத்திருக்கிறோம்.

அது இப்போது நுரைக்கிறது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே தூறல் பெய்கிற சத்தம். உண்மையாக, அத்தான். பூக்கிற கிழமையில் பெய்த அதே சின்னத் தூறல், தகரக் கூரையில் தொலைவில் பெய்வதுபோல. அக்காவைக் கூப்பிட்டேன். அவளும் சாடியின் மறுபக்கம் காதை வைத்தாள். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டோம். ஒரு வருடம் முழுக்க அந்தச் சாடிக்குள் போய்க்கொண்டிருந்தது. வெயில், காற்று, பலாமரத்துச் சட்டை, அவள் திட்டிய திட்டு எல்லாம்.

"என்ன பெயர் வைப்பம்?" என்று கேட்டேன்.

"நத்தார் வரட்டும். குடிக்காமல் பெயர் வைக்கப்படாது. அது அவரின்ர சட்டம்."

"மற்றப் போத்தலுக்கு?"

உங்கள் கடைசிப் போத்தல், பெயரில்லாதது. அக்கா சாடியின் வாய்த் துணியை இறுக்கிக் கட்டினாள். பிறகு சொன்னாள்.

"அதையும் திறப்பம். குடிச்சுப் பாத்திட்டு அவரோட ஒரு சண்டை பிடிக்க வேண்டியிருக்கு."

வெளியே முதல் துளி விழுந்துவிட்டது, அத்தான். தாள் நனைகிறது, முடிக்க வேண்டும். கோண்டாவிலில் மழையோ என்று நான் கேட்கப் போவதில்லை. இங்கே மழை. உடுப்பை எடுக்க வேண்டும்.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி ஒவ்வொரு வருடமும் மலை தொப்பியைக் கழற்றும் கிழமையில், என் அக்காவைக் கோபப்படுத்துவது என் பொறுப்பு. பகிடி தீர்ந்தால் புதிதாகக் கண்டுபிடிப்பேன். அவளை "பரவாயில்லை" என்று சொல்ல விட மாட்டேன். ஒவ்வொரு கொப்பிலும் இரண்டு கண் இருக்கிறதா என்று எண்ணுவேன். நீங்கள் காற்றை மட்டும் நேரத்துக்கு அனுப்பிவையுங்கள். பிடித்து வைப்போம்.

நத்தாருக்கு எனக்கு உண்மையான வைன் ஒரு தேக்கரண்டி தருவதாக அக்கா சொல்லியிருக்கிறாள். நம்பலாமா? முன்னெச்சரிக்கையாக வீட்டில் உள்ள பீட்ரூட்டை எல்லாம் ஒளித்துவிட்டேன்.

உங்கள் வேலையைப் பொறுப்பேற்றுக்கொண்ட,
உங்கள் ஒரேயொரு மச்சாள்,
இங்கே மிச்சமிருக்கும் மிச்சாள்,
டிலானி